வாயால் மட்டும் சொல்லும் வேலை

புது வேலையில் நான் முதலில் பழகிக்கொண்டது, "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று சிரிக்காமல் கேட்பதைத்தான். முக்கால்வாசிக் கோளாறு அதிலேயே ஓடிவிடும். மிச்சப் பேர் அதையெல்லாம் எப்போதோ செய்து பார்த்துவிட்டதாகச் சத்தியம் செய்வார்கள். நாம் மாடியேறிப் போய் அதே பொத்தானை அமுக்கிவிட்டு, பெரிய வித்தை காட்டியவள்போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வரவேண்டும். இதற்கு ஒரு பதவிப் பெயரும் கொடுத்து, கழுத்தில் அட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

எங்கள் அறை தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் முழுக்க அலமாரி. அதில் உயிர்போன திரைகளும், எழுத்து தேய்ந்த கீபோர்டுகளும், யாருடையது என்றே தெரியாத சார்ஜர்களும் குவிந்து கிடக்கும். இன்னொரு பக்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சர்வர் அறை. அதற்காக ஓடும் ஏ.சி. எங்களையும் சேர்த்துக் குளிரவைத்ததால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மொத்தம் மூன்று பேர். எங்கள் மேலாளரை ஆபீஸே 'தலைவர்' என்று கூப்பிட்டது. எந்தக் கட்சிக்கும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தலைவர். இன்னொருவனுக்குப் பட்டப்பெயர் 'கேபிள்'. எப்போதும் தோளில் ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிவான். வாயும் ஒயர் மாதிரி நீளம்.

யாருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கணினியில் ஒரு புகார் பதியவேண்டும். அதற்கு டிக்கெட் என்று பெயர். டிக்கெட் இல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் தலைவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டம். அந்தச் சட்டத்தை மதிக்காத ஆள் ஒருவர் கட்டடத்தில் இருந்தார். அவர் என் அத்தான், என் அக்காவின் கணவர்.

அது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. இப்படி ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மோப்பம் பிடித்து வந்து, என்னை விண்ணப்பம் போடவைத்தவரே அத்தான்தான். "உறவுக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு. நான் உன்னைப் பாத்ததே இல்ல, நீ என்னைப் பாத்ததே இல்ல" என்றார். அப்போது நான் என் கணவரை விட்டு வந்து, மகளோடு அக்கா வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பயிற்சி நிலையத்தையும் இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். யாரையும் பார்த்ததே இல்லை என்று எந்த இடத்திலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஆனால் அத்தானுக்கு நடிப்பு சுத்தமாக வராது. காலையில் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறுவோம். அவர் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவார். பிறகு மூன்றாவது மாடியிலிருந்து ஏதாவது ஒரு சாக்கோடு என் மேஜைக்கு வந்துவிடுவார். மவுஸுக்கு பேட்டரி வேண்டும். திரை மங்கலாகத் தெரிகிறது. பிரிண்டர் முக்குகிறது. "மேடம், கொஞ்சம் பாக்கறீங்களா?" என்பார், பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் ஒப்பிப்பதுபோல. பார்த்துக் கொடுத்தால் போகமாட்டார். குரலைத் தாழ்த்தி, "சாப்டீங்களா மேடம்? ரொம்பக் குளிருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவேன். அவர் சிரிப்பார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். அப்போது வைத்த பெயரில்தான் இன்னமும் என்னைக் கூப்பிடுவார். "சரி சின்னு, இனிமே டிக்கெட் போட்டுட்டுத்தான் வருவேன்" என்பார். மறுநாள் பழைய கதைதான்.

ஒருநாள் அவர் போன பிறகு கேபிள் திரும்பி, "உங்க ரசிகர் இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டாரே" என்றான். நானும் சிரித்துவைத்தேன். அவனும் அதோடு விட்டுவிட்டான்.

அவர் சொன்னதெல்லாம் வெறும் சாக்கு என்று சொன்னால் அநியாயம். அந்தச் சமயத்தில் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. மூன்றாவது மாடி முழுக்க அதைப் போட்டுக்கொடுத்ததே நான்தான். நாலு பேர் நாள் முழுக்கச் செய்த வேலையை அது மதியத்துக்குள் முடித்துவிடும். அத்தானுக்கு அது பிடிபடவில்லை. எந்தப் பக்கத்தில் எதை அழுத்தவேண்டும் என்று தடுமாறினார். பக்கத்து மேஜைக்காரர்களிடம் கேட்கக் கூச்சம். அதனால் பேட்டரி என்று சொல்லிக்கொண்டு வந்து, பேச்சோடு பேச்சாக, "அந்தப் பச்சைப் பொத்தான் எதுக்கு மேடம்?" என்று கேட்பார். நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொடுப்பேன். கேட்டுக்கொண்டு மாடியேறிப் போகிறவர், மறுநாள் அதையே கேட்க வருவார்.

நான் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் மதியம் தலைவர் என்னைச் சர்வர் அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அத்தான் விஷயம் தெரிந்துவிட்டது, இன்றோடு சரி என்றே நினைத்தேன். அவர் அந்த இயந்திர இரைச்சலுக்கு நடுவே மெதுவாகத்தான் பேசினார். வேலையைவிட்டு ஒருவரை அனுப்பும்போது எங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டாம். அந்த ஆளைக் கூட்டம் என்று சொல்லி மேல்மாடி அறைக்குக் கூப்பிடுவார்கள். அவர் உள்ளே போய்க் கதவு சாத்தினதும், இங்கே நாங்கள் அவருடைய லாகினை மூடிவிடவேண்டும். அவர் வெளியே வரும்போது அவர் கணினி அவரைத் தெரியாது என்று சொல்லிவிடும். கோபத்தில் யாரும் எதையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

"இதுக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. டிக்கெட் போட்டா நாலு பேர் பாத்துடுவாங்க. வாயாலதான் சொல்வாங்க. நானும் வாயாலதான் சொல்வேன்" என்றார். பிறகு, "நாளைக்கு மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு. நான் வெளியூர்க் கிளையோட பேசிட்டிருப்பேன், நீதான் பண்ணணும். மூணாவது மாடி, அக்கவுண்ட்ஸ். கண்ணாடி போட்டுட்டு அடிக்கடி உன் டேபிளுக்கு வருவாரே, அவர்தான்."

முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. தலைவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். முதல் தடவை கஷ்டமாகத்தான் இருக்கும், தானும் அப்படித்தான் தவித்ததாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். எச்.ஆர். அம்மையாருக்கும் அவருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது, வெளியே கசிந்தால் யாரைக் கேட்பார்கள் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அத்தான் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் உடைந்துவிடுவேன் என்று பயம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தேன். யோசிக்க ஒரு விஷயம் இருந்தது. அத்தானுடைய பழைய நண்பர் ஒருவர், தான் நடத்தும் சிறிய நிறுவனத்துக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே இன்னமும் பழைய முறையில்தான் கணக்கு. அத்தான் மாதிரி ஆள்தான் வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் வருவதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார். அத்தான் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தார். மதியம் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு இதையும் இழந்துவிட்டு அவர் நிற்கப்போகிறார்.

நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் அத்தானை எனக்குத் தெரியும். மனசில் இருப்பது அப்படியே முகத்தில் வந்துவிடும் மனிதர். என்னைப் போகச் சொல்ல நீங்கள் யார் என்று காலையில் முதல் வேலையாக எச்.ஆர். அறைக்குப் போய் நிற்பார். யார் சொன்னது என்று அவர்கள் கேட்பார்கள். விசாரித்தால் உறவும் வெளியே வரும், என் வேலையும் போகும். அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. வாலிபத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவர் அவர். எங்கள் ஆபீஸ், எங்கள் ஆபீஸ் என்றுதான் பேசுவார். அங்கே தன்னை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று கேட்டால், அவர் எந்த நண்பரிடமும் போய் வேலையில் சேரமாட்டார். வீட்டு மூலையில் சுருண்டுவிடுவார். அவரே விரும்பிப் போகவேண்டும். அதுவும் மறுநாள் காலையிலேயே.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மகள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாமே என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அத்தான் சிரித்தார். "நீ முதல்ல அங்க காலூன்று சின்னு. உன்னை அங்க தனியா விட்டுட்டு நான் எங்க போறது? அதனாலதான் அவனை வேண்டாம்னு சொல்றேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அந்த இடம் பக்கம், பஸ்ஸே வேண்டாம், நண்பர் மரியாதையாக நடத்துவார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று அக்காவிடம் தட்டை நீட்டினார். நல்ல வார்த்தை எதுவும் அவரிடம் எடுபடாது என்று தெரிந்துபோயிற்று.

"நீங்க அங்க இருக்கறவரைக்கும் என்னால காலூன்ற முடியாது அத்தான்" என்றேன்.

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. "என்னடி பேசற?" என்றாள் அக்கா.

"எதுக்கெடுத்தாலும் மாடியிலேர்ந்து இறங்கி வந்து என் டேபிள்ல நிக்கறீங்க. நாம சொந்தம்னு அங்க யாருக்குத் தெரியும்? புருஷனை விட்டுட்டு வந்தவகிட்ட வயசான மனுஷன் வழியறாருன்னு பேசறாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

சொல்லி முடித்ததும் என் காதே அடைத்துக்கொண்டது. அந்த மனிதர் என்னைத் தூக்கி வளர்க்காத குறை. கேபிள் ஒரே ஒருநாள் அடித்த ஒரே ஒரு கிண்டலை ஊதிப் பெரிதாக்கி, அவர் நெஞ்சில் இறங்குகிற மாதிரி சொல்லியிருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன். அதைத் தவிர வேறு எதுவும் அவரை அந்த இடத்தைவிட்டு நகர்த்தாது.

அத்தான் சத்தம் போடவில்லை. "யாரு பேசறாங்க?" என்று கேட்டார். எல்லோரும் என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "எனக்கு அப்படித் தோணவே இல்லயே சின்னு" என்றார். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விருப்பமில்லை.

காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே அவர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். பஸ்ஸில் அவர் இல்லை. நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வந்த டிக்கெட்டுகளையெல்லாம் தலையும் வாலும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு முன்பே தலைவர் வந்து, சர்வர் அறைக்கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "அந்த மூணு மணி வேலை வேண்டாம். மனுஷன் காலையில வந்ததுமே ராஜினாமா குடுத்துட்டாராம். வேற இடம் கிடைச்சிருக்காம். மேல ஒரே சந்தோஷம். அனுப்பின பேரும் இல்ல, அழுகையும் இல்ல" என்றார். என்னைப் பார்த்து, "உனக்கும் முதல் தடவை தப்பிச்சுது" என்று முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமும் அதில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு நான் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

ராஜினாமா கொடுத்தவர் ஒரு மாதம் இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். அந்த மாதம் முழுக்க அத்தான் தரைத்தளத்துக்கு இறங்கி வரவே இல்லை. லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் என் தலை தானாகத் திரும்பும். வேறு யாராவது வருவார்கள். ஒருநாள் அவர் பெயரில் ஒரு டிக்கெட் வந்தது. அவர் முறைப்படி பதிந்த முதல் டிக்கெட் அதுதான். மென்பொருளில் ஒரு பக்கம் திறக்கவில்லை என்று எழுதி, கீழே, 'பெண் ஊழியரை அனுப்ப வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேபிள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ரசிகருக்கு என்ன கோபம் என்றான். வாயை மூடிக்கொண்டு போடா என்றேன். நான் அப்படிச் சீறி அவன் பார்த்ததில்லை. ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் மாடியேறினான்.

அவருடைய பிரிவுபசார விழா அன்று மைக் வைப்பது எங்கள் பொறுப்பு. நான் கடைசி வரிசையில் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எச்.ஆர். அம்மையார் பேசினார். இவர் இடத்தை நிரப்ப ஆள் கிடையாது, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் போகிறார் என்று கூசாமல் சொன்னார். குரல்கூடத் தழுதழுத்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தப் பேச்சையே அமுக்கிவிடலாம். ஆனால் அத்தான் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் முறை வந்தபோது ஒவ்வொரு பிரிவாகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். எங்கள் அறையில் தலைவரைச் சொன்னார், கேபிளைச் சொன்னார். அத்தோடு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார். எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் என் பெயரை விட்டிருக்கிறார். அது எனக்குப் புரிந்ததுதான் இன்னும் வேதனை.

மறுநாள் அவர் லாகினை மூடச் சொல்லி எனக்கு டிக்கெட் வந்தது. மூடினேன். இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும் வேலை அது.

புது இடத்தில் அத்தான் நன்றாகவே பொருந்திக்கொண்டார். வீட்டில்தான் ஒட்டவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து உள்ளே போவார். அக்கா கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் வேலையிலிருந்து திரும்பினால், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அக்கா வரும்வரை தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் மழையிலும் அப்படித்தான் நின்றார். என் மகள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். என்னைச் சின்னு என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் என் மகள் மூலமாகத்தான். "அம்மாகிட்ட சொல்லும்மா, கேஸ் தீந்துபோச்சு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும்.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அவர்கள் அறை வாசல்வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது குறுக்கே வந்தது. ஒருநாள் அக்கா யாரிடமோ போனில், "விடவே மாட்டேன்னாங்களாம். அந்த அம்மா அழுதே போயிட்டாங்களாம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருநாள் அத்தானே தன் நண்பரிடம், இப்போதும் அங்கிருந்து கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் மூன்று மணிக்கு உங்களை அனுப்ப இருந்தார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று போய்ச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வேன்.

போ என்று யாரும் என்னைச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நானே ஒரு வீடு பார்த்தேன். ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் சமையலறையும். ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்தேன். பெரிதாகச் சாமான் ஒன்றும் இல்லை. அத்தான் அறைக்குள்ளேயே இருந்தார். மகள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அக்கா மட்டும் வாசல்வரை வந்து, பாத்திரப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆபீஸ்ல நெஜமாவே அப்படிப் பேசினாங்களா?"

நான் இன்னொரு கையால் பாத்திரப் பெட்டியை உள்ளே தள்ளினேன்.

"அவர் இப்போ புது ஆபீஸ்லயும் பொம்பளைங்க இருக்கற பக்கமே போறதில்லயாம்டி. டீ குடிக்கக்கூடத் தனியா உக்காந்துக்கறாராம். தன் மேலதான் ஏதோ தப்பு இருந்திருக்குமோன்னு எங்கிட்ட கேக்கறாரு, ராத்திரி எல்லாம் கேக்கறாரு. நான் என்ன சொல்லுவேன்?" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "பொய்யா இருந்தா சொல்லிடு. உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அதுவரை எனக்கு இது தோன்றியதே இல்லை. என்னை வெறுக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்து, மரியாதையையும் காப்பாற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டு, இந்த ஒன்றை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். அந்தக் கறையைத் துடைக்கவேண்டும். துடைக்கும்போது மூன்று மணி விஷயமும் வெளியே வரக் கூடாது. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"பொய்தான்க்கா" என்றேன். "யாரும் ஒண்ணும் பேசல. அவர் அங்க இருக்கறது எனக்குப் பிடிக்கல. சும்மா வந்து வந்து நின்னா எனக்கு எரிச்சலா இருந்தது. போனாப் போதும்னு சொன்னேன்."

அக்கா என் கையை விட்டுவிட்டாள். அவள் ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்பி வேகமாக உள்ளே போனாள். "ஏங்க, யாரும் ஒண்ணும் பேசலயாங்க. அவளாத்தான் சொல்லியிருக்கா" என்று அவள் சொல்வது வாசல்வரை கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். வண்டிக்காரர் கிளம்பலாமா என்று கேட்டார். மகள் மட்டும் வெளியே வந்தாள், கையில் பெரியப்பா கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தோடு. பெரியப்பா சிரித்தார் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்லம்மா" என்றாள்.

அவளை முதலில் ஏற்றிவிட்டு, நான் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். போகலாம் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.